ஷிப்டை மாற்றும் முன் நிர்வாகம் யாரிடம் பேச வேண்டும்? பணி நிலை மாற்றங்களும் சங்கத்துடன் பேசும் கடமையும்

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது: "திங்கட்கிழமை முதல் மூன்று ஷிப்டுகளுக்குப் பதில் இரண்டு ஷிப்டுகள் இயங்கும்." கீழே மனிதவள மேலாளரின் கையெழுத்து. இப்படிச் செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டா? சங்கம் ஒன்று இருந்தால் அதனிடம் முதலில் பேசியாக வேண்டுமா? பேசி ஒத்துவராவிட்டால் என்ன ஆகும்?

2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது. அதோடு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் விலகிக்கொண்டது. இதை வைத்து "இனி நிர்வாகம் எதையும் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு சாராரும், "இனி சங்கத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் தொட முடியாது" என்று இன்னொரு சாராரும் புரிந்துகொண்டால், இரண்டுமே தவறு. தனித்தனியான மூன்று கடமைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் தவறு நேர்கிறது.

மூன்று கடமைகள்

1. அறிவிக்கும் கடமை. சில பணி நிலைமைகளை மாற்றுவதற்கு முன், பாதிக்கப்படக்கூடிய தொழிலாளர்களுக்கு நிர்வாகம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 21 நாள் காத்திருக்க வேண்டும்.

2. பேசும் கடமை. அங்கீகாரம் பெற்ற சங்கம் பேச அழைத்தால் நிர்வாகம் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். மறுத்தால் அது சட்டம் தடை செய்த நியாயமற்ற தொழில் நடைமுறை.

3. இருப்பதை அப்படியே வைத்திருக்கும் கடமை. ஒரு தகராறு தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்போ தொழில் தீர்ப்பாயத்தின் முன்போ நிலுவையில் இருக்கும் வரை, அது தொடர்பான பணி நிலைமைகளைத் தொழிலாளர்களுக்குப் பாதகமாக மாற்றக்கூடாது.

சம்மதம் வாங்கும் கடமை என்று நான்காவதாக எதுவும் இல்லை. இந்த ஒரு செய்தி தெரியாமல்தான் பல சங்கங்கள் நோட்டீஸ் வந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, 22-ஆம் நாள் அதிர்ச்சி அடைகின்றன.

நோட்டீஸ் எதற்கெல்லாம் வேண்டும்?

பழைய சட்டத்தில் இந்தக் கடமை முதலில் கிடையாது. 1956-இல் திருத்தம் செய்து 9ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொழிற்சங்க வட்டாரத்தில் இன்றும் "9ஏ நோட்டீஸ்" என்றுதான் சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் அது 40-ஆம் பிரிவு. எவற்றை மாற்ற நோட்டீஸ் வேண்டும் என்ற பட்டியல் பழைய சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருந்தது. இப்போது மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் மாறவில்லை. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டும்.

பட்டியலில் மொத்தம் 11 இனங்கள். ஊதியமும் அதை வழங்கும் முறையும், வருங்கால வைப்பு நிதிக்கான நிர்வாகத்தின் பங்கு, படிகள், வேலை நேரமும் இடைவேளையும், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, தொழிலாளர்களின் தர வகைப்பாடு, ஒழுங்கு விதிகள் ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. ஷிப்ட் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவதும் உண்டு. ஆனால் நிலையாணைகளில், அதாவது ஆலையின் சான்றளிக்கப்பட்ட பணி விதித் தொகுப்பில், சொன்னபடி ஷிப்ட் மாற்றினால் நோட்டீஸ் தேவையில்லை. ஆகவே மேலே சொன்ன பலகை அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் புரட்ட வேண்டியது அந்தத் தொழிற்சாலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளைத்தான். முன்பு மத்தியச் சட்டத்தில் 100 தொழிலாளர்கள் இருந்தாலே நிலையாணைகள் கட்டாயம். இப்போது 300 பேர் வேண்டும். அதற்குக் கீழே உள்ள இடங்களில் நிலையாணைகளே இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில், நிலையாணைப்படிதான் மாற்றினோம் என்று நிர்வாகம் தப்பித்துக்கொள்ள வழியில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதிகம் சண்டை நடப்பது மூன்று இனங்களில்.

முதலாவது, வழக்கமாக இருந்துவந்த சலுகையைத் திரும்பப் பெறுவது. கேண்டீனில் மலிவு விலைச் சாப்பாடு, கம்பெனி பஸ், பண்டிகை முன்பணம் போன்றவை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாமலே ஆண்டுக்கணக்கில் நடந்துவந்திருக்கலாம். எழுதாததால் அது சலுகைதான், நாளையே நிறுத்திவிடலாம் என்ற வாதம் இங்கே செல்லாது. வழக்கமாகிவிட்டதை நிறுத்த நோட்டீஸ் வேண்டும். ஆனால் அது வழக்கமாகவே இருந்தது என்று காட்டும் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழும். பழைய சுற்றறிக்கைகளையும் சம்பளச் சீட்டுகளையும் பாதுகாக்கும் சங்கமே இந்த வழக்கை வெல்லும்.

இரண்டாவது, ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மாற்றம். 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லோக்மத் நாளிதழ் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாக்பூரில் கையால் அச்சுக்கோத்த இடத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் வந்தது. இயந்திரம் முன்னால் வந்தது, நோட்டீஸ் பின்னால் வந்தது. மாற்றத்தைச் செய்து முடித்துவிட்டு ஆட்குறைப்புக்கு முன்னால் கொடுக்கும் நோட்டீஸ் சட்டத்துக்குப் போதாது, இயந்திரத்தைப் புகுத்தும் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ரோபோ, தானியங்கிப் பரிசோதனை, செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படும் மாற்றங்களுக்கும் இதே அளவுகோல்தான். இங்கே ஒரு வார்த்தை முக்கியம்: இயந்திரம் வருவதால் மட்டும் நோட்டீஸ் கடமை எழாது, அதனால் ஆட்குறைப்பு நேரக்கூடும் என்ற நிலை இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு துறையிலோ ஷிப்டிலோ ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இதில் நீதிமன்றங்கள் எல்லாச் சமயமும் தொழிலாளர் பக்கம் நின்றதில்லை. 1973-இல் ஹிந்துஸ்தான் லீவர் வழக்கில் நிறுவனம் தன் விற்பனைத் துறைகளை மறுசீரமைத்தது. வேலைநிலையில் பாதகமான விளைவு எதுவும் இல்லாததால் நோட்டீஸ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாறாக, அதற்கு முந்தைய ஆண்டு டாடா இரும்பு எஃகு நிறுவன வழக்கில், வார ஓய்வை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு நாளுக்கு மாற்றியதற்கே நோட்டீஸ் வேண்டும் என்று தீர்ப்பானது. ஓய்வு நாட்களின் எண்ணிக்கை அதில் குறையவில்லை, நாள் மட்டும்தான் மாறியது. ஆனாலும் குடும்பமும் ஊரும் ஓய்வெடுக்கும் நாளில் ஒருவருக்கு வேலை என்றால் அவர் வாழ்க்கை மாறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு, மாற்றத்தின் விளைவைத் தொழிலாளர்கள் எண்ணிப் பார்த்துத் தங்கள் கருத்தைச் சொல்ல வாய்ப்புத் தருவதே இந்தப் பிரிவின் நோக்கம் என்று விளக்கியது.

நோட்டீஸே கொடுக்காமல் மாற்றினால்? 1985-இல் இந்திய உணவுக் கழகத்தின் சிலிகுரிக் கிடங்குத் தொழிலாளர்கள் வழக்கில் விடை இருக்கிறது. அங்கே நேரடியாகக் கூலி பெற்றுவந்த மூட்டை தூக்கும் தொழிலாளர்களை மறுபடி ஒப்பந்ததாரரின் கீழ் தள்ளினார்கள். நோட்டீஸ் இல்லாமல் செய்த அந்த மாற்றம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, அவர்கள் கழகத்தின் தொழிலாளர்களாகவே தொடர்கிறார்கள் என்றது உச்ச நீதிமன்றம்.

நோட்டீஸ் தேவைப்படாத இடங்கள்

சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படியோ தீர்ப்பாயத்தின் தீர்ப்பின்படியோ மாற்றம் நடந்தால் நோட்டீஸ் வேண்டாம். அரசுப் பணி விதிகளுக்கு உட்பட்டவர்களுக்கும் வேண்டாம். இவை பழையவை. புதிய சட்டம் கூடுதலாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது: அவசர நிலையில் ஷிப்டை மாற்ற வேண்டியிருந்தால், குறைதீர்க்கும் குழுவைக் கலந்தாலோசித்து உடனே மாற்றலாம். கலந்தாலோசிப்பது யாரோடு என்று பாருங்கள். சங்கத்தோடு இல்லை, நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் ஒரு குழுவோடு. வெள்ளம், மின்தடை போன்ற சமயங்களில் இது நியாயமான விலக்குதான். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியையும் அவசர நிலை என்று சொல்லத் தொடங்கினால் 40-ஆம் பிரிவின் முதுகெலும்பு முறிந்துவிடும். சங்கங்கள் விழித்திருக்க வேண்டிய இடம் இது.

21 நாளில் என்ன நடக்க வேண்டும்?

சட்டம் இந்த 21 நாளைப் பேச்சுவார்த்தைக் காலம் என்று எங்கும் சொல்லவில்லை. நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மௌனமாக இருந்தாலும் 40-ஆம் பிரிவை மீறியதாகாது. பேச்சை வரவழைக்க வேண்டியது சங்கம். வரிசை இப்படி அமையும்:

1. நோட்டீஸ் கிடைத்த சில நாட்களிலேயே சங்கம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, பேச நாள் கேட்க வேண்டும். வாய்மொழி ஆட்சேபத்துக்குப் பின்னால் சாட்சி கிடையாது.

2. அதே வேகத்தில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழில் தகராறு எழுப்ப வேண்டும். மனுவைக் கொடுத்ததுமே மாற்றம் நின்றுவிடாது. சமரச நடவடிக்கை முறையாகத் தொடங்க வேண்டும். அதனால் 21 நாளுக்குள் முதல் அமர்வைக் கூட்டும்படி வற்புறுத்துவது அவசியம்.

3. சமரச நடவடிக்கை தொடங்கிய பிறகு, மேலே மூன்றாவதாகச் சொன்ன கடமை உயிர் பெறுகிறது. பழைய சட்டத்தில் 33-ஆம் பிரிவு, புதியதில் 90-ஆம் பிரிவு. தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நிலைமை இருந்ததோ அதைத்தான் இது காக்கும். 22-ஆம் நாள் மாற்றம் நடந்து 25-ஆம் நாள் சமரசம் தொடங்கினால், காக்கப்படுவது மாறிய நிலைமைதான்.

4. சமரசம் முறிந்தால் இப்போது அரசின் பரிந்துரைக்காகக் காத்திருக்க வேண்டாம். 90 நாளுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் சமரசம் முடிந்ததற்கும் தீர்ப்பாயத்தில் மனு ஏறுவதற்கும் இடையில் 90-ஆம் பிரிவின் காப்பு இல்லை. 90 நாள் இருக்கிறதே என்று சங்கம் ஆற அமர வேலை பார்த்தால், அந்த இடைவெளியில் மாற்றம் நுழைந்துவிடும்.

சமரச அலுவலர் முன் உருவாகும் ஒப்பந்தத்துக்குத் தனி வலிமை உண்டு. பழைய பிரிவின் எண்ணைக் கொண்டு "12(3) ஒப்பந்தம்" என்று தொழிலாளர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். கையெழுத்துப் போட்ட சங்கத்தினரை மட்டுமல்லாமல் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் சேருபவர்களையும் அது கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தனியாகப் போட்டுக்கொள்ளும் "18(1) ஒப்பந்தம்" கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு சிறிய குழுவோடு 18(1) போட்டுவிட்டு எல்லார் மீதும் அதைத் திணிக்க முயல்வது பழைய தந்திரம். அது செல்லாது.

பேசும் கடமை: சங்கத்தை யார் அங்கீகரிப்பது?

இங்கேதான் பல பத்தாண்டுகளாக இந்தியச் சட்டம் நொண்டியது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. பதிவான சங்கத்தை நிர்வாகம் ஏற்றுப் பேச வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1947-இல் கட்டாய அங்கீகாரத்துக்கான திருத்தம் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை கடைசிவரை வரவே இல்லை. 1958-இல் நைனிதாலில் நடந்த இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் ஏற்கப்பட்ட ஒழுங்கு நெறிமுறை அங்கீகாரம் பற்றிப் பேசியது, ஆனால் அது விரும்பினால் கடைப்பிடிக்கும் உடன்பாடு மட்டுமே.

1982-ஆம் ஆண்டுத் திருத்தம் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் கூட்டுப்பேரம் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்றது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கீகரிக்கும் கட்டாயமே இல்லாத மாநிலத்தில் "அங்கீகரிக்கப்பட்ட சங்கம்" எங்கிருந்து வரும்? நிர்வாகம் அங்கீகாரத்தை மறுத்துவிட்டால் பேச மறுத்த குற்றமும் எழாது. மீறினாலும் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் வரைதான். வழக்குத் தொடரவும் அரசு புகார் கொடுக்க வேண்டும்.

மகாராஷ்டிரம் 1971-லேயே அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கேரளம் 2010-இல் கொண்டுவந்தது. இத்தனை தொழிற்சாலைகள் உள்ள தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. அரக்கோணம் டயர் தொழிற்சாலைச் சங்கத்தின் அங்கீகாரப் பிரச்சினை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வரை போனது. எந்தச் சங்கம் பெரும்பான்மை என்று முடிவு செய்யப் புறவயமான விதிகளை வகுக்கும்படி அந்த அமைப்பின் குழு பரிந்துரைத்தது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் நடுவில் இருந்ததும் சங்கம் பற்றிய கேள்விதான். உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. பதிவு கிடைத்தால் சங்கத்துக்குச் சட்டபூர்வ இருப்பு கிடைக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைப்பது அடுத்த கட்டம்.

புதிய சட்டத்தின் கணக்கு

அந்த நாற்காலியை யாருக்குத் தருவது என்பதற்கு 14-ஆம் பிரிவு முதல் தடவையாக நாடு முழுமைக்கும் ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. ஒரே ஒரு சங்கம் இருந்தால், விதிகள் சொல்லும் தகுதிக்கு உட்பட்டு, நிர்வாகம் அதைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஆதரவு உள்ள சங்கம் தனியாகப் பேசும். யாருக்கும் 51 இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு அமையும். இந்த ஏற்பு மூன்றாண்டு நீடிக்கும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஐந்தாண்டு வரை நீட்டலாம்.

பதிவேட்டில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 'அ' சங்கத்துக்கு 460, 'ஆ' சங்கத்துக்கு 240, 'இ' சங்கத்துக்கு 180 பேர் ஆதரவு. அ-வும் ஆ-வும் குழுவில் உட்காரும். இ வெளியே நிற்கும். அ-வுக்கு 505 பேர் இருந்தாலும் பாதியைத் தாண்டிவிட்டோம் என்று தனியாகப் பேச முடியாது, 510 வேண்டும்.

இது உண்மையான முன்னேற்றம் என்றே கருதுகிறேன். அங்கீகாரம் நிர்வாகத்தின் கருணையிலிருந்து ஆதரவுக் கணக்குக்கு நகர்ந்திருக்கிறது. நியாயமற்ற தொழில் நடைமுறைக்கான அபராதமும் குறைந்தது 10,000 ரூபாய், அதிகபட்சம் 2 லட்சம் என்று உயர்ந்திருக்கிறது, சிறைத் தண்டனை முதல் மீறலுக்கு நீங்கியிருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்துக்கு 2 லட்சம் எந்த அளவுக்கு உறைக்கும் என்பது வேறு விஷயம்.

நல்லெண்ணம் என்றால் என்ன?

சட்டம் வரையறுக்கவில்லை. இந்த இடத்தில் அமெரிக்க அனுபவம் உதவும். அங்கே 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டம் பேசும் கடமையை நேரடியாக விதிக்கிறது. உரிய நேரத்தில் சந்தித்து, நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். எந்த யோசனையையும் ஏற்க வேண்டும் என்றோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. 1962-இல் கேட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நோய் விடுப்பு, ஊதிய உயர்வு போன்றவற்றை நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றினால், அதுவே பேச மறுத்ததற்குச் சமம். உள்நோக்கத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை.

இந்தியச் சட்டத்தில் இந்த இணைப்பு இல்லை. நோட்டீஸ் பிரிவு ஒரு பக்கம், பேச்சுவார்த்தைச் சங்கம் இன்னொரு பக்கம். 21 நாள் நோட்டீஸைப் பேச்சுவார்த்தைச் சங்கத்தோடு பேசித் தீர்த்த பிறகே நடைமுறைப்படுத்தலாம் என்று 40-ஆம் பிரிவில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் சட்டத்தின் தன்மையே மாறியிருக்கும். இன்றைய நிலையில் அந்த இரண்டையும் இணைக்கும் வேலை சங்கத்தினுடையது. நோட்டீஸ் வந்ததும் பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற தகுதியில் பேச அழைக்க வேண்டும். நிர்வாகம் மாற்றத்துக்கான காரணங்களையும் ஆள் கணக்கையும் காட்ட மறுத்தால், முடிவெடுக்க அதிகாரமில்லாதவரை அனுப்பினால், நாளைத் தள்ளிக்கொண்டே போனால், ஒவ்வொன்றையும் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். பேச மறுத்தார்கள் என்று பின்னால் நிரூபிக்க அந்தக் குறிப்புகள்தான் உதவும்.

வேலைநிறுத்தம் என்ற எதிர்விசை

பேரம் என்றால் இரு பக்கமும் எடை வேண்டும். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே வேலைநிறுத்த நோட்டீஸ் கட்டாயம். இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்து 14 நாளுக்குள் இறங்கக்கூடாது. சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாளுக்கும் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும்போதும், முடிந்து 60 நாளுக்கும் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும்.

ஆக, மாற்றத்தை நிறுத்தி வைக்கச் சங்கத்துக்கு உதவும் சமரச நடவடிக்கையே வேலைநிறுத்த உரிமையையும் பூட்டிவிடுகிறது. நிர்வாகம் இதை அறிந்தே மேசைக்கு வருகிறது. சமரசத்தில் நிலைமையைக் காத்துக்கொண்டு வாதத்தாலும் ஆவணத்தாலும் வெல்வதா, நோட்டீஸ் கொடுத்து நெருக்குவதா என்று சங்கம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்

மேலே சொன்ன எல்லாமே "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். பயிற்சித் தொழிலாளர்கள் வரமாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருப்பதால், முதன்மை ஆலையின் 51 சதவீதக் கணக்கில் அவர் சேரமாட்டார். குறித்த காலப் பணியாளர் தொழிலாளிதான், ஆனால் காலம் முடிந்ததும் நோட்டீஸ் இல்லாமலே வெளியேறிவிடுவார்.

ஒரு ஷிப்ட் மாற்றம் வந்தால் அதே பஸ்ஸில் வந்து அதே வரிசையில் நின்று வேலை செய்யும் இவர்கள் எல்லாருக்கும் நேரம் மாறுகிறது. நோட்டீஸ் போவது சிலருக்கு மட்டும். பேசுவதும் அந்தச் சிலர் சார்பில் மட்டும். இதைச் சட்டம் திருத்தும்வரை நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்று செய்யலாம். பேச்சுவார்த்தையில் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் பஸ் நேரம், கேண்டீன் நேரம், இரவு ஷிப்டுக்குப் பின் ஓய்வு ஆகியவற்றை ஆலையில் வேலை செய்யும் எல்லாருக்குமாக எழுதலாம். அப்படி ஒப்பந்தம் போட நிர்வாகம் இசைந்தால் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.